ஜெயிப்பவனே ஜெயித்தால்

(இடம்: மாட்டுங்கா, கிங்ஸ் சர்க்கிள். செம்பூரில் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கும் குருவும், தாராவியிலிருந்து வந்து தொழில் பழகும் சீடனும் பேசிக்கொண்டது.)

சீடன்: ஐயா, ஒருவரே ஜெயித்துக்கொண்டிருந்தால் கார் பந்தயத்தை எதற்குப் பார்ப்பது? 2023-இல் 22 பந்தயங்களில் 19 வெர்ஸ்டாப்பனுக்கு. நொய்டா பக்கம் புத் சர்க்யூட்டில் ஃபார்முலா ஒன் நடந்ததே மூன்று முறை. 2011, 2012, 2013, மூன்றிலும் வெட்டல்தான்.

குரு: முடிவு தெரிந்தால் சுவை போய்விடுமா தம்பி? சண்முகானந்தா அரங்கில் பாடும் கீர்த்தனை எல்லோருக்கும் மனப்பாடம். ஆனாலும் கூட்டம் வருகிறதே.

சீடன்: கச்சேரியில் யாரும் தோற்பதில்லை ஐயா. எதிராளிக்கு வழியே இல்லையென்றால் அது பந்தயமா, ஊர்வலமா?

குரு: சரி, கச்சேரியை விடு. 2013 பந்தயத்தையே எடுத்துக்கொள். முதலிடத்தில் புறப்பட்ட வெட்டல், சாஃப்ட் டயர் தாங்காது என்று இரண்டாம் சுற்றிலேயே பிட்டுக்குள் வந்து மாற்றினார். வெளியே வந்தபோது பின்வரிசை. அங்கிருந்து ஒவ்வொரு வண்டியாகத் தாண்டினார். ‘மறுபடியும் வெட்டல்’ என்றால் இதெல்லாம் அடங்கிவிடுமா?

சீடன்: கார் அப்படி.

குரு: அதே கார்தான் அவருடைய அணித் தோழர் வெப்பருக்கும். அந்த ஆண்டு வெட்டலுக்கு 13 வெற்றி, வெப்பருக்கு ஒன்றும் இல்லை.

சீடன்: மற்றவர்களுக்கு அந்தக் காரே இல்லையே! 2011-இல் நம் கோயம்புத்தூர் நாராயண் கார்த்திகேயன் ஹெச்ஆர்டி வண்டியில் 17-ஆவதாக வந்தார். அவர் என்ன செய்ய முடியும்?

குரு: இதைத்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒருவன் ஜெயிப்பது சலிப்பில்லை. துரத்துபவனுக்கு வழி அடைபட்டிருப்பதுதான் சலிப்பு. கிரிக்கெட்டைப் பார். 1958-59 தொடங்கி 15 சீசன் ரஞ்சிக் கோப்பை பம்பாயிடமே இருந்தது. 1972-73 இறுதியில் சேப்பாக்கத்தில் தமிழ்நாட்டை ஷிவால்கர் சுருட்டினார்: 16 ரன்னுக்கு 8 விக்கெட். அடுத்த சீசன் அரையிறுதி, பெங்களூர். கர்நாடகாவின் பிரசன்னா பந்தில் கவாஸ்கர் போல்ட். பம்பாய் வெளியே.

சீடன்: அந்த ஒரு பந்துக்காக 15 வருஷம் சகித்துக்கொள்ள வேண்டுமா?

குரு: ஆண்டுக்கொருவர் ஜெயித்திருந்தால் அந்த விக்கெட் பத்தோடு பதினொன்று. பம்பாய் விடாமல் ஜெயித்ததால்தான் இன்றும் பேசுகிறோம்.

சீடன்: கவாஸ்கரை வீழ்த்தியது ஒரு பவுலர். 2014-இல் வெட்டல் ஒரு பந்தயம்கூட ஜெயிக்காததற்கு இன்ஜின் விதி மாறியதுதானே காரணம்?

குரு: மெர்சிடிஸ் முந்தியது அதனால். ஆனால் வெட்டல் ஓட்டிய அதே ரெட் புல்லில் புதிதாக வந்த ரிக்கியார்டோ மூன்று பந்தயம் ஜெயித்தார். அதற்கு எந்த விதியைக் காட்டுவாய்? முந்தைய ஆண்டு மான்சா பந்தயத்தில் ஜெயித்த வெட்டலைப் பார்த்துக் கூச்சல் போட்டவர்களில் இதை யார் எதிர்பார்த்தார்கள்? ‘தெரிந்த முடிவுதானே’ என்பது எல்லாம் முடிந்தபின் வரும் பேச்சு.

சீடன்: அப்படியென்றால் எனக்குச் சலித்தது தப்பா?

குரு: தப்பில்லை. ஜெயித்தவனைத் திட்டாமல், 17-ஆவதாக வந்தவனுக்கு ஏன் நல்ல கார் கிடைக்கவில்லை என்று கேள்.