தாங்குவார்கள் என்பதற்காக

புயலோ வெள்ளமோ வந்து போன பிறகெல்லாம் மீனவ மக்களின் மன உறுதியை மெச்சுகிறோம். 2015 டிசம்பரில் சென்னைத் தெருக்களுக்குள் படகுகளைக் கொண்டுவந்து ஆட்களை மீட்டவர்களை மெச்சத்தான் வேண்டும். ஆனால் அந்த மெச்சலில் நமக்கொரு வசதியும் இருக்கிறது. எதையும் தாங்குவார்கள் என்று முடிவுகட்டிவிட்டால் எதையும் அவர்கள் தலையில் ஏற்றிவிடலாம்.

வடசென்னையின் எண்ணூர் அப்படிச் சுமந்துகொண்டிருக்கும் ஊர். 2017 ஜனவரியில் கப்பல்கள் மோதிக் கடலில் கொட்டிய எண்ணெயை வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து வந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரத்தில் பரவியது. அப்போதும் மீனவர்கள்தான் படகில் போய், மக்கிலும் வாளியிலும் மொண்டு பீப்பாயில் ஊற்றினார்கள். வலை, படகு, அலையாத்தி வேர் எல்லாவற்றிலும் கறுப்புப் பிசுக்கு. அதே மாத இறுதியில், நள்ளிரவில் அமோனியா கசிந்து, குடும்பம் குடும்பமாக வீட்டை விட்டு ஓடினார்கள்.

இத்தனைக்கும் பிறகு எழுந்து நிற்கும் தெம்பு எங்கிருந்து வருகிறது? கழிமுகத்தில் இருளர் பழங்குடிப் பெண்கள் இறால் பிடிப்பதைப் பார்த்தால் புரியும். ஓலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, தண்ணீருக்குள் அமிழ்ந்து, சேற்றை இரு கையாலும் துழாவுவார்கள். முதலீடு எதுவும் வேண்டாம். ஆறு ஆறாக இருந்தால் போதும். புயலில் படகு போனாலும் அன்றைய உலைக்கு வழி உண்டு.

அந்தச் சேற்றின்மேல்தான் அனல்மின் நிலையச் சாம்பல் பல ஆண்டுகளாகக் கசிந்து படிந்திருக்கிறது. முகத்துவாரம் பல இடங்களில் மேடு தட்டிவிட்டது. இறால் வளர்ந்த ஆழம்தான் மழை வெள்ளம் கடலுக்கு வடியும் வழியும். கடல் சூடேறச் சூடேற மழை குறுகிய நேரத்தில் கொட்டித் தீர்க்கிறது. தண்ணீருக்கு அதிக இடம் தேவைப்படும் காலத்தில் இருந்த இடத்தையும் தூர்த்துவிட்டோம். படகோடு மீட்க வந்தவர்களின் ஆற்றை அடைத்தபோது நகரம் தன் வடிகாலையும் சேர்த்தே அடைத்துக்கொண்டது.

ஓர் ஊரின் தாங்கும் சக்தி ஊராரின் நெஞ்சில் மட்டும் இல்லை. அவர்களுக்குச் சோறூட்டிக் காக்கும் ஆற்றின் ஆழத்திலும் இருக்கிறது. அதைப் பறித்துக்கொண்டு மன உறுதியைப் புகழ்வது கடனை அடைக்காமல் கடன் கொடுத்தவரின் பொறுமையைப் புகழ்வதற்குச் சமம். எடுத்த ஆழத்தை ஆற்றுக்குத் திருப்பித் தருவதே நீதி. நிவாரணமும் பாராட்டும் அடுத்த புயல்வரை நாம் வாங்கிக்கொள்ளும் தவணை.