காவலும் உரிமையும்

காவல் என்னுஞ் சொல்லை நாம் மனிதர்க்கும் வழங்குகின்றோம்; பொருளுக்கும் வழங்குகின்றோம். இவ்விரண்டிற்கும் சட்டத்தில் அடிப்படை ஒன்றே. காவல் கொண்டவன் கையில் பொருள் இருக்கும், உரிமை இராது. கேட்குமிடத்துக் கணக்குக் காட்ட அவன் கடமைப்பட்டவன். கைதானவனை, வழிப்பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்திற்குள் நீதிபதி முன் நிறுத்துக என்று அரசியல் சட்டத்தின் 22ஆம் பிரிவு விதிப்பது அதனாலன்றோ! பிறர் பொருளை ஏற்றவன், அறிவுடையோன் தன் பொருளைப் பேணுமாறு பேண வேண்டுமென்கிறது 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம். பஞ்சாலையில் சாமான் அறைச் சாவியை இடுப்பிற் செருகியிருந்தவரை நாம் கண்டிருக்கின்றோம். அறை நிறையப் பாபின்கள்; அவற்றுள் ஒன்றேனும் அவருடையதன்று.

இனி நம் நெஞ்சைத் தொடும் செய்திக்கு வருவோம். நேபாள எல்லைக்கருகே பிப்ரவாவில், தன் ஜமீன் நிலத்திலிருந்த தூபியை 1898இல் வில்லியம் பெப்பே என்னும் ஆங்கிலேயர் அகழ்ந்தார். கற்பேழையுள் பகவானின் தாதுக்களும் மணிகளும் கிடைத்தன. அன்றைய அரசு அவற்றைத் தனதாக்கி, எலும்பையும் சாம்பலையும் சயாம் மன்னருக்கு அளித்தது; மணிகளிற் பெரும்பகுதியைக் கல்கத்தா அருங்காட்சியகத்தில் வைத்தது; ஒரு பங்கைப் பெப்பேயிடமே விட்டது. அவர் வழிவந்தோர் அப்பங்கை 2025 மே 7ஆம் நாள் ஹாங்காங்கில் ஏலமிட ஏற்பாடாயிற்று. தில்லியிலிருந்து பண்பாட்டு அமைச்சகம் வழக்கறிவிப்பு அனுப்பிற்று, ஏலம் நின்றது.

அக்குடும்பத்தாரை நாம் பழிக்கவில்லை. பேணினார்கள், பிறர் காணவும் கொடுத்தார்கள். அரசே கொடுத்ததை எம்முடையதன்று என்பது எங்ஙனம் என அவர்கள் கேட்பின், சட்டத்தில் விடை கூறுவது எளிதன்று. ஆயின் கொடுத்த அரசுக்கு அதைக் கொடுத்தவர் யார்? தூபியுள் வைத்தவர்கள் ஒருவருக்கும் கொடுக்கவில்லை; வணங்குதற்கென வைத்து மூடினார்கள். கொடாததைக் கொள்ளாமை நம் இரண்டாஞ் சீலம். திருடனை மட்டுமே அது தடுக்கும் என்று எண்ணுவோர் பலர். காக்கத் தந்ததைக் கொள்ளத் தந்ததாக எண்ணுவதும் அச்சீலத்துட் படுவதே. 127 ஆண்டு காத்ததனால் காவல் உரிமையாகுமெனின், சிறைக்காவலனும் ஒருநாள் கைதிக்கு உடையவனாவான்!

2025 சூலை 30ஆம் நாள் மணிகள் தாயகம் மீண்டன என்றறிந்து மகிழ்ந்தோம். ஆயினும் ஒரு முள் உறுத்துகிறது. அவை கோத்ரெஜ் நிறுவனத்தார் விலை கொடுத்து வாங்கியதால் வந்தவை. நல்லெண்ணத்தாற் செய்தனர்; ஐயமில்லை. ஆனால் விலை கொடுத்தமையாலேயே விற்பவர்க்கு விற்கும் உரிமை உண்டென்று ஒப்பியதாகாதோ? வாங்கிய மணிகளிற் பெரும்பகுதி தில்லி தேசிய அருங்காட்சியகத்திற்கு ஐந்தாண்டுக்கு இரவலாகத் தரப்படுமென அறிவித்தனர். இரவலென்றால் உடையவர் ஒருவர் இருக்கிறார் என்பதே பொருள்.

அதே அருங்காட்சியகத்தில், 1971 முதல் 1977 வரை ஸ்ரீவாஸ்தவா பிப்ரவாவில் நடத்திய அகழ்வில் வெளிப்பட்ட எலும்புத் தாதுக்களும் உள்ளன. அவற்றை எவரும் வாங்கவில்லை. எவரும் இரவல் தரவுமில்லை. தில்லி செல்லும் உபாசகர்கள் இவ்விரண்டையும் கண்டு வணங்குக. அங்குள்ளோரிடம், ஐந்தாண்டு முடிந்தபின் மணிகள் எங்கே போகும் என்று பணிவாய்க் கேட்டும் வருக.