தோட்டாவும் கர்மமும்

மனிதன் செய்த ஒரு செயல் எப்போது முடிவடைகிறது என்னும் வினா நம் தரிசனங்களுள் மிகப் பழையது. கை ஓய்ந்த கணத்திலேயே செயலும் ஓய்ந்துவிடுமாயின் அதன் பலன் நெடுங்காலம் கழித்து வந்து சேருவது எங்ஙனம் என்று ஆராய்ந்த மீமாம்சகர், செயலுக்கும் பலனுக்கும் இடையே 'அபூர்வம்' என்னும் கண்ணுக்குப் புலனாகாத ஒரு சக்தி தங்கி நிற்பதாகக் கொண்டனர். சைவ சித்தாந்திகளோ, செய்த வினை சஞ்சிதமாகக் குவிந்து கிடக்கிறதென்றும், வினை சடமாதலின் அது தானே சென்று தன்னைச் செய்தவனைப் பற்ற மாட்டாதென்றும், அதனைக் கூட்டுவிப்பவன் இறைவனே என்றும் உரைத்தனர். அருவமான இந்தத் தத்துவத்தைக் கையில் எடுத்துப் பார்க்கும் அளவுக்கு உருவமாக்கிக் காட்டும் பொருள் ஒன்று உண்டாயின், அது துவக்கின் தோட்டாவே என்று நான் கருதுகிறேன். ஒருவன் மருந்தை அளந்து, குண்டைப் பொருத்தி, மூடி வைத்த செயல் அந்தப் பித்தளைக் கோதுக்குள் முடிவுறாமலே இருக்கிறது. பல ஆண்டுகளுக்குப் பின் வேறொருவனுடைய விரல் அசையும்போதுதான் அது நிறைவேறுகிறது.

கண்டி நகரத்தார்க்கு இப்பொருள் அந்நியமானதன்று. 1900ஆம் ஆண்டில் தோன்றி, அவ்வாண்டிலேயே தென்னாபிரிக்க யுத்தத்துக்கு ஒரு பிரிவை அனுப்பிய சிலோன் தோட்டத்துரைமார் ரைபிள் படைக்குக் கண்டியே தலைமையிடமாக இருந்தது. 1944இல் மௌண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியத் தலைமைப்பீடத்தைப் பேராதனைப் பூங்காவுக்குக் கொண்டுவந்தபோது, பர்மாவில் போரிட்ட சிப்பாயின் தோளில் தொங்கியது 'திரீ நாட் திரீ' என்று நாம் வழங்கும் லீ-என்பீல்ட் ரைபிள். அதன் தோட்டா 1888இல் கரிமருந்துடன் பிறந்து, சில ஆண்டுகளுள் புகை குறைந்த கோர்டைட்டுக்கு மாறி, 1910இல் 174 கிரெயின் எடையுள்ள கூர்நுனிக் குண்டைப் பெற்றது. யுத்தங்கள் முடிந்தபின், மிஞ்சிய ரைபிள்கள் பழைய இராணுவச் சரக்காக உலகின் பல நாடுகளில் விலைபோயின.

நம் நாட்டில் அனுமதிப்பத்திரமின்றித் துவக்கோ வெடிமருந்தோ வைத்திருத்தல் குற்றம். கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் இங்கிலாந்திலுமோ, அந்தப் பழைய ரைபிளுக்குத் தம் கையாலேயே தோட்டா தயாரித்து, காகித இலக்கில் சுட்டுப் பழகுவோர் இன்றும் உள்ளனர். அவர்களுடைய பொறுமை வியக்கத்தக்கது. இராணுவத்துக்காகக் கடையப்பட்ட குழல்கள் ஒன்றைப்போல் ஒன்று இரா. சேறும் மணலும் புகுந்தாலும் தோட்டா சிக்காதிருக்கும்பொருட்டு அதன் அறை சற்றுத் தளர்வாகவே அமைக்கப்பட்டது. ஆதலால் வெடிக்குந்தோறும் கோது நீண்டு, அடிவிளிம்புக்குச் சற்று மேலே மெலிந்து, இறுதியில் அறுந்துபோகும். அதனை முன்னரே அறிவதற்காக, நுனி வளைத்த கம்பியொன்றை உள்ளே விட்டு, மெலிந்த வளையம் தட்டுப்படுகிறதா என்று அவர்கள் விரலுணர்வால் தேடுகிறார்கள். ஓர் இறாத்தலை 7000 பங்காக்கினால் வரும் கிரெயின் என்னும் அளவிலும் பின்னம் பிசகாமல் மருந்தை நிறுக்கிறார்கள். குறைந்த அளவில் தொடங்கி, சிறிது சிறிதாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் குண்டுகள் இலக்கில் எவ்வளவு நெருங்கி விழுந்தன என்று குறிப்பேட்டில் எழுதுகிறார்கள். அவர்கள் தேடுவது மிகுந்த வேகத்தை அன்று. அந்த ஒரு குழல் எந்த அளவில் தடுமாற்றமின்றி ஒரே சீராகச் சுடுகிறதோ அந்த அளவையே. வேறொருவர் கண்ட அளவைத் தன் ரைபிளுக்கு அப்படியே கொள்ளலாகாது என்பது அவர்களுடைய முதல் விதி. ஆயுத பூசையன்று சம்மட்டிக்கும் அரத்துக்கும் சந்தனமிட்டு வணங்கும் நம் பட்டறைக்காரர், இத்தகைய வேலையைக் கண்டால் மரியாதை செய்யத் தவறார்.

எனினும், இத்தனை கவனமும் தன்னளவில் புண்ணியமாகுமா? மனம் அலையாமல் ஒன்றில் நிற்பதையே யோகமென்று போற்றும் மரபில் வந்த நாம், எதில் நிற்கிறது என்று கேட்க மறந்துவிடுகிறோம். இவ்விடத்தில் தேரவாத அபிதர்மம் செய்துள்ள பாகுபாடு என் சிந்தையை நெடுங்காலமாகக் கவர்ந்திருக்கிறது. சித்தம் ஒருமுகப்படும் தன்மையை அது எல்லாச் சித்தங்களுக்கும் பொதுவானதாக வைக்கிறது. கொலைஞன் குறிபார்க்கும் பொழுதிலும் அது உண்டு. விழிப்புணர்வாகிய சதியையோ அழகிய சித்தங்களுக்கே உரியதாக வைக்கிறது. இலோபமும் துவேஷமும் செலுத்தும் மனத்தில் அதற்கு இடமில்லை. கண்டிக்கு மேலே உடவத்தைக் காட்டின் ஆரண்ய ஆசிரமத்தில் நெடுங்காலம் வாழ்ந்து, 1958இல் பௌத்த நூல் வெளியீட்டுச் சங்கத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான ஞானபொனிக தேரர், இந்தச் சதியைப் பற்றியே உலகம் வியக்க எழுதினார். ஜெர்மனியில் யூதக் குடும்பத்தில் பிறந்த அவர், இரண்டாம் உலக யுத்தத்தில் ஜெர்மானியர் என்ற காரணத்தால் பிரித்தானியரால் முதலில் தியத்தலாவையிலும் பின்னர் டேராடூனிலும் சிறைவைக்கப்பட்டவர். பிறந்த நாடு யூதரென்று பகைக்க, புகுந்த நாட்டை ஆண்டோர் ஜெர்மானியரென்று அடைத்துவைக்க, அவ்விரண்டுக்கும் நடுவே இருந்துகொண்டு அவர் கவனத்தைப் பற்றி ஆராய்ந்தார் என்பதை நினைக்குந்தோறும் என் உள்ளம் நெகிழ்கிறது.

நுணுக்கம் தனக்கென ஒரு தர்மத்தை உடையதன்று என்பதற்கு அந்தத் தோட்டாவின் சரித்திரமே சாட்சி. முழுக் கவசமிட்ட குண்டு பகைவனை உடனே வீழ்த்தவில்லை என்ற குறை எழுந்ததும், கல்கத்தாவுக்கு அருகிலுள்ள டம்டம் படைக்கலச் சாலையில், உடலுக்குள் விரியும்படி நுனி திறந்த குண்டு செய்யப்பட்டது; 1899இல் ஹேக் மாநாடு அத்தகைய குண்டுகளை விலக்கியது. பின்னர் வந்த 1910ஆம் ஆண்டுக் குண்டோ, விதிக்கு இணங்க முழுக் கவசம் உடையது. ஆனால் அதன் நுனிக்குள் ஈயத்துக்குப் பதிலாக இலேசான அலுமினியம் வைக்கப்பட்டமையால், பாரம் பின்னுக்குச் சென்று, உடலில் பட்டதும் அது புரண்டு பெருங்காயம் விளைத்தது. விதியின் எழுத்து மீறப்படவில்லை. தொழிலறிவு அளவிட வேண்டியவற்றை எல்லாம் அளவிட்டது. அளவுக்குள் வராத ஒன்று மாத்திரம், அதாவது எதிரே நிற்பவனுடைய வேதனை, மேசைக்கு வரவேயில்லை.

அவ்வாறாயின் தோட்டா செய்பவனுக்கு அதன் பாவத்தில் எவ்வளவு பங்கு? இவ்வினா கண்டி இராச்சியத்திலேயே எழுந்திருக்க வேண்டியது. 1753இல் சீயத்திலிருந்து உபாலி தேரரை வரவழைத்து, பிக்குகளின் முழுத் துறவேற்பாகிய உபசம்பதையை மீட்டுத் தந்த கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கனே, அடுத்த பத்தாண்டில் ஒல்லாந்தரோடு ஐந்தாண்டு யுத்தம் நடத்தினான். தந்ததாதுவைக் காத்த அரசனுக்கே வெடியுப்பும் வேண்டியிருந்தது. தும்பறை மலைகளில் மீமுரைக்கு அருகிலுள்ள குகையில் வெடியுப்பு எடுக்கப்பட்ட முறையை, பிரித்தானிய இராணுவ மருத்துவர் ஜோன் டேவி 1821இல் வெளியிட்ட தம் நூலில் எழுதியிருக்கிறார்: குகை மண்ணோடு மரச்சாம்பலைக் கலந்து, நீர் வார்த்து வடித்து, அவ்வடிநீரைக் காய்ச்சி உப்பை உறையச் செய்தார்கள். அந்தத் தொழிலாளி எவனையும் வெறுத்தவனல்லன். கொலை நிறைவுறுவதற்கு உயிர் ஒன்று இருத்தல், அதனை உயிரென்று அறிதல், கொல்லும் எண்ணம், முயற்சி, அதனால் நேரும் மரணம் ஆகிய ஐந்தும் வேண்டுமென்று பாளி உரையாசிரியர் வகுத்தனர்; இவ்வளவைக்கொண்டு நோக்கின் அவன் கொலைஞன் ஆகான், காகித இலக்குக்காகத் தோட்டா ஏற்றுபவனும் ஆகான். ஆயினும் உபாசகன் விலக்க வேண்டிய ஐந்து வியாபாரங்களுள் ஆயுத வியாபாரத்தை முதலில் வைத்தார் புத்தர். இது முரண்பாடன்று. விற்ற ஆயுதம் விற்றவனுடைய எண்ணத்தைத் தன்னுடன் கொண்டுபோவதில்லை. வாங்குவோனுடைய எண்ணமே அதற்கு எண்ணமாகிறது. நம் வள்ளுவரும் புலால் மறுத்தல் அதிகாரத்தில், தின்பவனும் விற்பவனும் ஒருவரையொருவர் உண்டாக்குவதை எடுத்துக்காட்டிக் கொல்லாதவன் தப்பித்துக்கொள்ளும் வழியை அடைத்துவிட்டார்.

இன்னும் கொடியது, எண்ணத்தையே கழற்றி வைத்துவிடும் ஆயுதம். இலங்கையின் காட்டோரக் கிராமங்களில் காட்டுப்பன்றியின் தடத்துக்குக் குறுக்கே கம்பி கட்டி, நாட்டுத் துவக்கொன்றைப் பொருத்திவிட்டு வீட்டுக்குப் போய் உறங்குகிறார்களே, அந்தக் கட்டுத்துவக்குக்கு வருவது பன்றியா, யானையா, விறகுக்குச் செல்லும் அயலானா என்ற பேதமில்லை. மனிதர் பலர் கால் இழந்திருக்கிறார்கள். பயிரைக் காக்கவே வைத்தேன் என்று அவன் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். பன்றி அழித்த மரவள்ளியைப் பார்த்தவர் எவரும் அவனை எளிதில் பழிக்க மாட்டார். ஆனால் கொல்லும் உபாயங்களை எண்ணிய அதே உரையாசிரியர், கையாற் செய்வதையும் ஏவிச் செய்விப்பதையும் போலவே, குழியும் பொறியும் அமைத்துவிட்டு அகல்வதையும் தனியொரு பிரயோகமாகச் சேர்த்திருக்கிறார்கள். குழி திறந்திருக்கும் வரையில் தோண்டியவனுடைய செயலும் நடந்துகொண்டேயிருக்கிறது என்று நான் கொள்கிறேன். அவன் உறங்குவது அதற்கு விலக்காகாது.

குழியைத் தூர்த்துவிடலாம் அல்லவா? தோட்டா ஏற்றுவோரிடம் நான் பெரிதும் மதிக்கும் வழக்கமும் அதுவே. ஒரு தோட்டாவில் எவ்வளவு மருந்திட்டோம் என்ற ஐயம் தோன்றினால் அவர்கள் அதனைச் சுட்டுப் பார்ப்பதில்லை. சுத்தியல் வடிவான கருவியொன்றில் அதனைப் பூட்டித் தட்டுகிறார்கள். குண்டு தன் பாரத்தாலேயே கழன்று விழ, மருந்து வேறாகவும் கோது வேறாகவும் பிரிகின்றன. சஞ்சித வினையைத் தீட்சையினாலன்றி நீக்கவியலாது என்று சித்தாந்தம் கூறும். செய்ததைச் செய்தவனே திரும்பப் பெறும் வாய்ப்பு மானிடனுக்கு அரிதினும் அரிது. அத்தகைய வாய்ப்பு இங்கே ஒரு மேசையின்மீது கிடக்கிறது. இனிச் சுடப்போவதில்லை என்று தீர்மானித்த முதியவர் எவராயினும், மிஞ்சிய தோட்டாக்களைப் பெட்டியோடு வாரிசுக்கு விட்டுச் செல்லாமல், தாம் எழுதிய குறிப்பேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு, ஏற்றிய அதே கவனத்தோடு ஒவ்வொன்றாக இறக்கிவிட வேண்டும் என்பேன்.