கோனேரிக்கு நடப்பது எதற்காக?

புரட்டாசி, பொன்னுருகக் காய்ந்து மண்ணுருகப் பெய்யும் மாதம். அந்த மாதத்தில் பாடி, அம்பத்தூர், திருமுல்லைவாயல், ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர் என்று நீளும் சி.டி.எச். சாலையின் ஓரமாக மஞ்சள் உடுத்தியவர்கள் கூட்டம் கூட்டமாக மேற்கே நடந்து போவார்கள். திருவள்ளூர், திருத்தணி, நகரி, புத்தூர் கடந்தால் திருப்பதி. அங்கே அலிபிரியில் தொடங்கும் 3,550 படிகள். நூறு கிலோமீட்டரைத் தாண்டும் இந்த நடையின் முடிவில், ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில், ஒரு குளம் இருக்கிறது. வடமொழியில் அது சுவாமி புஷ்கரிணி, ஆழ்வாரின் தமிழில் கோனேரி. அதில் நீராடி, கரையிலுள்ள வராகரை முதலில் வணங்கிவிட்டே வேங்கடவனிடம் செல்வது மலையின் முறை.

தோளில் தொங்கும் பையில் மாற்றுத்துணி, போர்வை, காலில் தடவத் தேங்காய் எண்ணெய். இரவில் லாரிக்காரர் கண்ணில் படுவதற்காகப் பையின் பின்புறம் ஒளிரும் ஸ்டிக்கர். பகலில் வெறுங்கால்கள் சாலையோர வெள்ளைக் கோட்டைத் தேடும். கருந்தாரைவிட அதில் சூடு குறைவு. குதிகாலில் கொப்புளம் கட்டினால் துணியைச் சுற்றிக்கொண்டு, பாதத்தின் விளிம்பை ஊன்றி நடப்பார்கள். ரயில் ஏறினால் சில மணி நேரத்தில் முடிகிற பயணம் இது.

எங்கும் நிறைந்தவன், உள்ளத்திலும் உறைபவன் என்றால் அவனைக் காண மலைக்கு ஏன் போக வேண்டும்? சமயத்தை மறுப்பவர்கள் மட்டும் கேட்கும் கேள்வி அல்ல இது. பக்தி மரபே தன்னைத் தானே கேட்டுக்கொண்டது. அது தந்த பதில்களில் ஒன்று, நடப்பவர்கள் கடந்து போகும் வழியிலேயே இருக்கிறது.

திருநின்றவூரில் வாழ்ந்தவர் பூசலார் நாயனார். சிவனுக்குக் கோயில் கட்ட விரும்பிப் பொருள் தேடி அலைந்தார், கிடைக்கவில்லை. மனத்திலேயே கட்டத் தொடங்கினார். அதே காலத்தில் காஞ்சியில் பல்லவ மன்னன் கற்கோயில் எழுப்பிக் குடமுழுக்குக்கு நாள் குறித்தான். அவன் கனவில் வந்த இறைவன், அன்று நின்றவூர்ப் பூசலின் கோயிலில் தான் இருக்கப்போவதாகவும், நாளை மாற்றிக்கொள்ளும்படியும் சொன்னான் என்கிறது பெரியபுராணம். அந்தக் கோயில் காஞ்சிக் கைலாசநாதர் கோயில் என்றும், மன்னன் இராசசிம்மன் என்றும் வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள்.

யாத்திரை வேண்டாம், மனம் போதும் என்பதற்குப் பூசலாரைச் சான்று காட்டுவது வழக்கம். அந்தச் சான்று அவ்வளவு எளிதில் நிற்காது. பூசலார் முதலில் வெளியே அலைந்தவர். மனத்திலும் ஆகம முறைப்படி அடித்தளம் இட்டு, ஒவ்வொரு வரிசையாகக் கட்டி, சிகரம் ஏற்றி, கிணறும் திருக்குளமும் தோண்டினார். மனக்கோயிலுக்கும் குளம் வெட்டாமல் அவர் விடவில்லை. அவருடைய அகவழிபாடு குறுக்குவழி அல்ல.

பெரியபுராணம் பாடிய சேக்கிழார் பூந்தமல்லிக்குப் பக்கத்துக் குன்றத்தூர்க்காரர். தொலைதூர மலைக்குளத்தைப் பற்றிய மிகக் கூர்மையான கதையையும் அவரே சொல்லியிருக்கிறார். கங்கையில் ஆடினாலும் காவிரியில் ஆடினாலும் இறைவன் எங்கும் உள்ளான் என்று உணராதவனுக்குப் பயனில்லை என்று பாடிய அப்பர், முதுமையில் கயிலைக்குப் புறப்பட்டார். பாதம் தேய்ந்தது, கையால் தவழ்ந்தார், மார்பால் ஊர்ந்தார், முடிவில் புரண்டார். திரும்பிப் போகச் சொன்னபோதும் மறுத்தார். அங்கிருந்த பொய்கையில் மூழ்கும்படி வானில் குரல் எழுந்தது. மூழ்கியவர் எழுந்தது திருவையாற்றுக் குளத்தில். கயிலைக் காட்சி அங்கேயே கிடைத்தது. ஆடி அமாவாசைதோறும் திருவையாற்றில் அதை விழாவாகக் கொண்டாடுகிறார்கள்.

தூரத்துப் பொய்கையும் ஊர்க்குளமும் ஒன்றுதான் என்கிறது கதை. ஆனால், அந்த ஒருமை அப்பருக்குக் காட்டப்பட்டது உடம்பு தேயும்வரை நடந்த பிறகு. புறப்படாமலே அதைச் சொல்லியிருந்தால் அது வெறும் தகவலாகவே இருந்திருக்கும்.

வைணவத்தில் இதே கேள்விக்குப் பிள்ளை லோகாசாரியார் ஸ்ரீவசனபூஷணத்தில் நீரைக்கொண்டே விடை சொன்னார். உள்ளுறையும் அந்தர்யாமி நிலத்தடி நீர் போன்றவன். தோண்டத் தெரிந்தவனுக்கே எட்டுவான். அவதாரங்கள் பெருக்கெடுத்து வற்றிய ஆறு. கோயில் மூர்த்தியோ அந்த ஆறு தேங்கிய மடு. தாகம் கொண்டவர் யாரும் குனிந்து அள்ளலாம். அப்படியானால் மடு ஊருக்கு ஊர் இருக்கிறதே, மலைமேல் உள்ளதற்கு ஏன் போக வேண்டும்? குலசேகராழ்வாரிடம் இதற்குத் தர்க்கம் இல்லை, ஆசைதான் இருக்கிறது. அரச வாழ்வு வேண்டாம், கோனேரியில் ஒரு நாரையாகப் பிறந்தால் போதும் என்றார் அந்த அரசர். தேவையைக் கணக்கிடுகிறவருக்கு அருகிலுள்ள குளம் போதுமானது. அன்பு கொண்டவர் தூரத்தைக் கணக்கில் எடுப்பதில்லை.

எனவே, நடப்பவரைப் பார்த்து அறியாதவர் என்பதும், நடக்காதவரைப் பார்த்துப் பக்தி குறைந்தவர் என்பதும் இரண்டுமே தவறு. பூசலார் வழிபட்ட இடம் இன்று இருதயாலீசுவரர் கோயில். அது பக்தவத்சலப் பெருமாள் கோயில் இருக்கும் அதே திருநின்றவூரில் இருக்கிறது. இந்தப் புரட்டாசியில் அவ்வழியே மலைக்கு நடப்பவர்கள், சிறிது நேரம் ஒதுக்கி அங்கும் ஒருமுறை சென்று வரலாம்.