கேளாதார் செவியில் இசை

கண்ணுக்கு இமை உண்டு, வாய்க்கு இதழ் உண்டு, செவிக்கோ கதவில்லை. வேண்டாத காட்சியைக் கண் மூடி விலக்கலாம். வேண்டாத உணவை வாய் மூடி மறுக்கலாம். வேண்டாத ஓசையைச் செவி தானே மறுக்குமாறு இல்லை. கதவில்லாத இவ்வாயில்வழியே பிறர் உள்ளத்துட் புகுதற்கு நமக்குள்ள உரிமை யாது? இவ்வினா அடியேற்கு நூலினின்றும் எழுந்ததன்று. ஒரு பேருந்தினின்றும் எழுந்தது.

சின்னாட்களுக்குமுன் பழனியினின்றும் கோடைக்கானலுக்கு விடியற்காலைப் பேருந்திற் சென்றேன். இலங்கைச் சர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்களின் துணைவியார் இலீலாவதி அம்மையார் 1936ஆம் ஆண்டில் எடுப்பித்த குறிஞ்சியாண்டவர் திருக்கோயிலை வழிபடுதல் கருத்து. ஏறத்தாழ 65 கிலோமீட்டர் மலைவழி. வண்டி அடிவாரத்தைக் கடக்குமுன்னரே இளைஞர் ஒருவர் தம் கைப்பேசியில் திரைப்பாட்டொன்றை உரக்க ஒலிக்கவிட்டார். காவடி செலுத்தி மீளும் அன்பர் ஒருவர் அது பொறாராய், முருகன் பாடலொன்றை அதனினும் உரக்கத் தம் கைப்பேசியில் ஒலிப்பித்தார். அடியேன் உள்ளம் மகிழ்ந்தது. தக்க விடை இறுத்தார் என்று புன்முறுவலும் செய்தேன்.

அருகிருந்த மூதாட்டியார் முந்தானையாற் செவிகளைப் பொத்திக்கொண்டிருந்தார். “அம்மா, முருகன் பாட்டுத்தானே” என்றேன். “நல்ல பாட்டுத்தான், ஐயா. தங்கையின் காரியம் முடித்துவிட்டு வருகிறேன். இன்றைக்கு எதையும் கேட்க மனம் கொள்ளவில்லை” என்றார். அடியேன் நாணினேன். எனக்கு வானும் மண்ணும்போல வேறாய்த் தோன்றிய அவ்விரண்டு பாட்டும் அவ்வம்மையார்க்கு ஒரே சுமையாயிருந்தன. பிழை பாட்டின்கண் இல்லை. திணித்தலின்கண் உளது என்பது அப்பொழுதே விளங்கிற்று.

எனினும், பாட்டை உரக்க வைப்பாரைத் தீயர் என்று ஒதுக்குதல் நேர்மையன்று. நம் நாட்டில் ஓசை மங்கலப் பொருள். மணமும் விழாவும் மேளமின்றி நடவா. இசைக்கருவி அரிதாயிருந்த காலத்தில் அதன் ஒலியைப் பலர்க்கும் பகிர்தல் கொடையென்றே கொள்ளப்பட்டது. 1930ஆம் ஆண்டிற் சென்னை மாநகராட்சி வானொலி ஒலிபரப்பைத் தொடங்கியபோது, பூங்காக்களிலும் கடற்கரையிலும் ஒலிபெருக்கி அமைத்தே மக்களைக் கேட்பித்தது. அக்காலத்தில் மெல்ல ஒலிப்பித்தல் உலோபம். அவ்வழக்கத்தின் எச்சமே இன்று பேருந்திற் காண்பது. ஆயின் அன்று கருவி ஒன்று, கேட்பார் பலர். இன்று கேட்பார் எத்துணையரோ அத்துணைக் கருவிகள். அன்று விரும்பினார் ஒலிபெருக்கியைத் தேடிச் சென்றனர். இன்று விரும்பாதாரைத் தேடி ஒலி வருகின்றது.

பகிர்தலுக்கும் ஒரு முறை உண்டு. விருந்திற் பரிமாறுவோர் ‘இன்னுங் கொஞ்சம்’ என்று உபசரிப்பர். உண்பவர் இலைமேற் கையை மறித்தால் நிறுத்துவர். மறித்த கைமேற் பாயசத்தை ஊற்றுவாரை ஈகையாளர் என்று எவரும் கூறார். மூதாட்டியாரின் முந்தானை இலைமேல் மறித்த கையன்றோ? அதனை நாங்கள் எவரும் பார்த்திலேம்.

இனி, நம் சித்தாந்த நெறியில் வைத்து இதனை நோக்குவோம். செவி அறிபொறி ஐந்தனுள் ஒன்று. அதன் புலன் ஓசை. உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினது. ஆகலின், ஒருவர் செவிக்குப் புலனைத் தேர்ந்து புகுத்துவோர் அவருயிர் அந்நேரத்துச் சாரும் பொருளையும் தாமே தேர்ந்து கொடுப்பவராகின்றனர். இஃது எளிய செயலன்று. வரம்பிலாற்றலுடைய இறைவனே இருவினையொப்பும் மலபரிபாகமும் வருந்துணையும் காத்திருந்தன்றோ சத்திநிபாதம் நிகழ்த்துகின்றான்? பருவம் வாராத உயிரை அவன் வலிந்து இழுப்பதில்லை. பழனிமலைத் தொடரிற் குறிஞ்சி 12 ஆண்டுகள் காத்திருந்து பூக்கின்றது. 2006இலும் 2018இலும் பூத்ததனைக் கண்டோம். இடையில் எவர் அதட்டினும் அது பூவாது. இறைவனே காக்கும் பருவத்தைக் கைப்பேசி உடைய அடியார் காத்தலாகாதோ?

அற்றேல், ஆனாய நாயனார் திருவைந்தெழுத்தை வெளியிடத்தே குழலில் இசைத்தாரன்றோ? ஆவும் பறவையும் பாம்பும் மயிலும் அதனைக் கேட்டு உருகினவன்றோ எனின், நன்று கூறினீர். நாயனார் இசைத்தது கானிலே, பூத்த கொன்றையின்முன், இறைவனை உன்னி. அணைந்த உயிர்கள் தாமே அணைந்தன. அகல விரும்பினவற்றுக்கு எல்லாத் திசையும் திறந்திருந்தன. பேருந்தோ பூட்டிய பெட்டி. காவடிச் சிந்து பாடிப் பாதயாத்திரை செல்லும் கூட்டமும் அத்தகையதே; ஊரைக் கடந்து போய்விடும். அகல இயலாதாரிடத்து இசைப்பதே ஈண்டு ஆராயப்படுவது.

அடியேன் மடத்திற் பாடங்கேட்ட நாளில், வைகறையிற் பதிகம் ஓதிக்கொண்டே திருச்சுற்றில் வலம்வருவோம். நோயுற்ற துறவியார் ஒருவரின் அறையை அணுகுந்தோறும் ஆசிரியர் கையமர்த்திக் குரலைத் தாழ்த்தச் செய்வார். இறைவனுக்கு மெல்ல ஓதினும் கேட்கும், இவர்க்கு உறக்கம் வேண்டும் என்பது அவர் கூறிய காரணம். அவ்வொரு சொல்லில் இக்கட்டுரை முழுதும் அடங்கும்.

நாட்டின் சட்டமும் இவ்வழியே வந்துளது. சென்னையில் எழுந்த வழக்கொன்றில் உச்சநீதிமன்றம் 2000ஆம் ஆண்டில், பிறர் அமைதியைக் குலைத்து வழிபடுமாறு எச்சமயமும் விதிக்கவில்லை என்று தெளிவுறுத்திற்று. கருநாடக அரசுப் பேருந்துகளிற் கைப்பேசியை உரக்க ஒலிக்கவிடுதல் 2021இல் விலக்கப்பட்டது. இரவு 10 மணிக்குமேல் இரயிலில் உரத்த இசை கூடாதென 2022இல் ஆணை பிறந்தது. மலைவழியிலோ உயிர்க்காப்பும் இதனோடு இயைந்தது. கொண்டையூசி வளைவில் எதிர்வரும் வண்டியை ஓட்டுநர் காணுமுன் அதன் ஒலிப்பானைக் கேட்டே அறிதல் வேண்டும். உள்ளே பாட்டு முழங்கின் அக்குறிப்பு மறையும். ஆயினும் தண்டத்திற்கு அஞ்சி அடங்குதல் ஒழுக்கத்தின் தொடக்கமே; அயலார் முகத்தை நோக்கி அடங்குதலே அதன் நிறைவு.

அன்று அடியேன் முதலில் திரும்பியது இளைஞர்பால் அன்று, நம்மவராகிய அன்பர்பால். “ஐயா, இவ்வம்மையார் துயருற்றிருக்கிறார். தங்கள் பாட்டைச் சற்றே நிறுத்தலாமோ?” என்றேன். அவர் மூதாட்டியாரை நோக்கினார்; உடனே நிறுத்தினார். இளைஞர் அதனைக் கண்டு தம் பாட்டைத் தாழ்த்தினார், முற்றும் நிறுத்தினாரல்லர். அவ்வளவே அமைவதாயிற்று. உரத்த குரலை அதனினும் உரத்த குரலால் வெல்லுதல் அரிது. நம் பக்கத்து ஒலியை முன்னே தணித்தால் பிறரும் தணிக்க இடமுண்டாகின்றது. சன்னலிற் சாய்ந்து அம்மையார் கண்ணயர்ந்தார்.

குறிஞ்சியாண்டவர் திருமுன் நின்றபோது அடியேற்கு வேறு வேண்டுகோள் எழவில்லை. நல்லதென்று நாம் அறிந்ததனையும், பிறர் கேட்குந்துணையும் நெஞ்சிலே வைத்திருக்கும் பொறுமையை அருள்க என்றே வேண்டினேன். அன்பர்களும் அங்ஙனமே வேண்டுவார்களாக.

திருச்சிற்றம்பலம்.