சுற்றமும் படிவமும்

குடும்பம் என்பது யார்? கேள்வி நகைப்பிற்குரியதாகத் தோன்றலாம். எமது ஊர்ச் சிறுவன் ஒருவனைக் கேட்டாலும் அம்மா, அப்பா, அம்மம்மா, சித்தப்பா, சின்னம்மா என்று விரல் மடித்து எண்ணத் தொடங்கிவிடுவான். பத்து விரல்களும் அவனுக்குப் போதா. ஆயின், அரசாங்க உத்தியோகத்தர் ஒருவர் மருத்துவக் காப்புறுதிப் படிவத்தை நிரப்ப உட்காரும்போது அதே கேள்வி வேறொரு முகத்தைக் காட்டுகின்றது. அங்கே விரல்களை மடிப்பவர் அவரல்லர், விதியே மடிக்கின்றது.

கரவெட்டியில் எம்முடன் படிப்பிக்கும் ஆசிரியை ஒருவர் அண்மையில் திருமணஞ் செய்துகொண்டார். வாழ்த்துகள் ஓய்ந்து சில நாட்களில் படிவமொன்று அவர் மேசைக்கு வந்தது. “ரீச்சர், இனி உங்கட அவற்றை பேரைப் போடலாம். அம்மாவின்ரை பேர் இனி வராது” என்றார் எழுதுவினைஞர். அவர் குரலிற் கடுமை எதுவும் இல்லை. ரீச்சரும் ஒன்றும் பேசவில்லை. பேனையை எடுத்துக் கொஞ்சநேரம் வைத்திருந்தார், பிறகு எழுதினார்.

விதி இதுதான். இலங்கையின் அரசாங்க ஊழியருக்கு ‘அக்ரஹார’ என்னும் காப்புறுதித் திட்டம் உண்டு. 2006ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தினால் அமைந்த தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் அதனை நடத்துகின்றது. மாதந்தோறும் எமது சம்பளத்திலிருந்து அதற்கொரு தொகை கழிகின்றது. ஊழியர் மணமானவராயின் கணவன் அல்லது மனைவியும், தொழிலற்ற, மணமாகாத, இளவயதுப் பிள்ளைகளும் அதனுட் சேர்வர். மணமாகாதவராயின் எழுபது வயதிற்குட்பட்ட பெற்றோர் சேர்வர். (அக்கிரகாரம் என்ற சொல் தமிழ்க் காதிற்கு எல்லாரும் நுழைய முடியாத தெருவொன்றை நினைவூட்டுவது தற்செயல்தான். ஆனாலும் சிரிப்பு வருகின்றது.)

ஆக, தாலி ஏறும் நாளில் ஒருவரின் தாய் குடும்பத்திலிருந்து இறங்கிவிடுகின்றாள். அவளுடைய நீரிழிவு இறங்கவில்லை. முழங்கால் வலியும் இறங்கவில்லை. இதே அரசு 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் வாயிலாக, பிள்ளைகள் பெற்றோரை வேண்டுமென்றே கைவிடலாகாதென்று விதித்திருக்கின்றது. தம்மைத் தாமே பராமரிக்க இயலாத பெற்றோர் பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புப் பணம் பெறவும் அச்சட்டம் வழி வகுக்கின்றது. மணமான பிள்ளைக்கு அங்கே விலக்கில்லை. கடமையை விதிக்கும்போது தாய் குடும்பத்தினள். செலவைப் பகிரும்போது அந்நியள். இவ்விரண்டும் ஒரே அரசின் ஏடுகளில் ஒன்றையொன்று பாராமல் இருக்கின்றன.

தமிழ் படித்தவர் என்ற முறையில் எமக்கு இன்னொன்றும் உறுத்துகின்றது. உழைப்பவரின் சம்பளத்தை நம்பியிருப்பவரைத் ‘தங்கிவாழ்வோர்’ என்று கூறுவது வழக்கு. யார் யாரிற் தங்கி வாழ்ந்தார்? விடியற்புறம் எழுந்து பிட்டவித்து, பாடசாலைக்கு அனுப்பி, பல்கலைக்கழகச் செலவிற்குக் காப்பை அடகு வைத்தவள் தங்கிவாழ்பவள். அவளிற் தங்கி வளர்ந்தவர் ‘அங்கத்தவர்’. கூலி பெறும் உழைப்பு மட்டுமே உழைப்பு என்னும் கணக்கிலேயே இச்சொல் பிறந்திருக்கின்றது.

இல்வாழ்வானுக்கு மூவர் பொறுப்பென்று வள்ளுவர் சொல்லி, அம்மூவர் யாரெனச் சொல்லாமல் விட்டார். பரிமேலழகர் அவர்களை ஏனைய மூன்று ஆச்சிரமத்தார் என்றார். கலைஞர் மு. கருணாநிதியின் உரையோ பெற்றோர், வாழ்க்கைத்துணை, குழந்தைகள் என்கின்றது. ஒருவர் துறவியரைப் பட்டியலில் ஏற்றினார். மற்றவர் வீட்டாரை ஏற்றினார். எந்த உரைகாரரும் திருமணத்தன்று பெற்றோரைக் கழித்துவிடுமாறு எழுதியதாக நாம் கண்டதில்லை.

இதற்கு மறுப்பு உண்டு; அதனை நாம் அலட்சியஞ் செய்யலாகாது. காப்புறுதி நிதி வானத்திலிருந்து வருவதன்று. அதிற் பெரும்பகுதி சிறிய சம்பளக்காரரின் பணம். முதியோரே கூடுதலாக நோயுறுவர். எல்லாப் பெற்றோரையும் சேர்த்தால் சந்தா ஏறும். ஏறினால் சிற்றூழியரே முதலில் வருந்துவர். எங்கோ ஓரிடத்திற் கோடு கிழித்துத்தானே ஆகவேண்டும் என்பர். நியாயமான பேச்சே. ஆயின் கோடு எந்த இடத்தில் விழுந்திருக்கின்றதென்று பாருங்கள். நோய் குறைந்தோர் உள்ளே. நோய் மிகுந்தோர் வெளியே. எழுபது வயதுவரை சுகமாக இருந்த தந்தை, வைத்தியர் தேவைப்படும் காலத்திற் பட்டியலிலிருந்து விழுகின்றார். குடை மழைக்கு முன்னர் விரிந்து, மழையில் மடங்குகின்றது.

பிற நாடுகளிலும் இக்கோடு அலைந்தே வந்திருக்கின்றது. ஜேர்மனியில் 1883இல் பிஸ்மார்க் கொண்டுவந்த நோய்க்காப்புறுதி தொழிலாளிக்கே உரியதாயிருந்தது. குடும்பத்தினரைச் சேர்ப்பது அந்தந்த நிதியத்தின் விருப்பம். அது கட்டாயமானது 1930இல்தான். பெற்றோருக்கு அங்கே இன்றும் இடமில்லை. பிரித்தானியாவில் 1911ஆம் ஆண்டுச் சட்டம் தொழிலாளிக்கு வைத்தியரைக் கொடுத்தது. அவன் மனைவிக்குக் கொடுத்தது பிள்ளைப்பேற்றுக்கு 30 சிலிங். மற்றைய நோய்களை அவளே பார்த்துக்கொள்ள வேண்டும். 1939இல் மாஜரி ஸ்பிரிங் ரைஸ் வெளியிட்ட நூல் 1250 தொழிலாளர் மனைவியரின் நிலையை எடுத்துரைத்தது. இரத்தச்சோகையையும் மூட்டுவலியையும் பல் நோயையும் நோயென்றே கருதாது சுமந்து திரிந்த பெண்கள் அவர்கள். 1948 யூலை 5இல் தேசிய சுகாதார சேவை தொடங்கியபோதுதான் அப்பெண்கள் யாருடைய மனைவியென்று சொல்லாமல் வைத்தியரிடம் போக முடிந்தது.

இந்தியாவில் 2008இல் வறியோருக்கென வந்த தேசிய சுகாதாரக் காப்பீட்டுத் திட்டம் ஒரு குடும்பத்தில் ஐவரை மட்டுமே ஏற்றது. ஆறு பேருள்ள குடிசையில் அந்த அட்டையை நினைத்துப் பாருங்கள். யாரை விடுவது? கிழவியையா, மூத்த பெண்ணையா? அரசு செய்ய வேண்டிய கொடுமையை அந்த வீட்டின் கையிற் கொடுத்துச் செய்வித்தார்கள். 2018இல் அதனிடத்தில் வந்த ஆயுஷ்மான் பாரத் திட்டம் ஐவர் என்ற வரம்பை நீக்கியது. 2024 ஒக்டோபரில் எழுபது வயதைக் கடந்த எவரையும், வருமானம் பாராமல், சேர்த்துக்கொண்டது. அதிலுள்ள குறைகள் வேறு பேச்சு. நாம் கவனிப்பது ஒன்றே: எமது நாட்டிற் கதவு அடைபடும் அதே எழுபதாம் வயதில் அங்கே கதவு திறக்கின்றது. ஆகவே எழுபது என்பது இயற்கை வகுத்த எல்லையன்று, மனிதர் வகுத்தது. தமிழ்நாட்டு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமும் முகாம்களில் வாழும் எம்மவரை வருமான வரம்பின்றி ஏற்கின்றது. குடியுரிமை இல்லாதோருக்கும் நோய் வருமென்பதை ஒரு சட்டம் ஒப்புக்கொள்ள முடியுமென்பதற்கு அது சான்று.

கனடாவிலுள்ள பிள்ளைகளிடம் போய்வரும் எமது ஊர்ப் பெற்றோரின் கதையும் இதனோடு சேர்ந்ததே. 2011 டிசெம்பரில் அந்நாடு பெற்றோருக்கும் பேரர்க்கும் நீண்டகால விசா ஒன்றை ஏற்படுத்தியது. அதற்குக் குறைந்தது 1,00,000 டொலர் பெறுமதியான தனியார் மருத்துவக் காப்புறுதி வேண்டும். பேரப்பிள்ளையைக் குளிப்பாட்டி, தாலாட்டி, பெற்றோர் இருவரும் வேலைக்குப் போக வழிசெய்யும் அம்மம்மாவின் உழைப்பை அந்நாட்டுப் பொருளாதாரம் இலவசமாகப் பெறுகின்றது. அவளுடைய காய்ச்சல் மட்டும் அவளுடைய சொந்தச் சொத்து.

இன்னும் சொல்லாதவர் ஒருவர் இருக்கின்றார்: சின்னம்மா. 1987இல் வடமராட்சியில் நடந்த படை நடவடிக்கை தொடங்கி 2009 வரை எமது வீடுகள் எப்படிக் கலைந்தன, எப்படி மீளச் சேர்ந்தன என்பதை இங்கே விரிக்க வேண்டியதில்லை. பெற்றோரை இழந்த பிள்ளைகளைப் பெரியம்மாவும் மாமியும் மணமாகாத சின்னம்மாவும் வளர்த்தார்கள். அப்பிள்ளைகளிற் சிலர் இன்று எம்முடன் ஆசிரியர்களாயிருக்கின்றனர். தமிழ் அவளைச் ‘சிறிய தாய்’ என்றே அழைக்கின்றது; படிவத்தில் அவளுக்குக் கூடு இல்லை. பத்திரப்படி தத்தெடுக்கப்படாததால் அவள் வளர்த்த பிள்ளைக்கு அவள் யாருமல்லள். இரத்தமும் முத்திரையும் சாட்சி சொல்லும். சோறு சாட்சி சொல்லாது.

எனவே, பெற்றோரைச் சேர், சின்னம்மாவைச் சேர் என்று கேட்பதோடு எம் கடமை தீர்ந்ததா? சேர்க்கத்தான் வேண்டும், தொழிற்சங்கங்கள் அதனைக் கேட்கவும் வேண்டும். ஆயின் அங்கேயே நின்றுவிட்டால் நாம் கேட்டது சலுகையின் விரிவையே. வெங்காயத் தோட்டத்திற் கூலிக்கு நிற்கும் பெண்ணுக்கும், நெல்லியடியிற் சுமை தூக்குபவருக்கும், சீவற்தொழிலாளிக்கும் பட்டியலே கிடையாது. பட்டியல் இல்லாதவர்க்குப் பட்டியலைத் திருத்தி என்ன பயன்?

அவர்களுக்கு இருப்பது மந்திகை ஆஸ்பத்திரி. 1951இல் இந்நாட்டு அரச வைத்தியசாலைகளிற் கட்டணம் நீக்கப்பட்டது. எமது தலைமுறை மூச்சுவிடுவதைப்போல் அதனை அனுபவித்து மறந்துவிட்டது. அங்கே துண்டெழுதுபவர் பெயரும் வயதும் ஊரும் கேட்பார். ‘யாருடைய மனைவி, யாரிற் தங்கிவாழ்பவர்’ என்று கேளார். குடும்பம் என்பது யார் என்ற கேள்வியே அங்கு எழாது. நாம் இதுவரை தேடிய விடை எழுபதாண்டுகளுக்கு மேலாகச் சில மைல் தூரத்தில் இருக்கின்றது.

அதை நாம் என்ன செய்தோம்? இவ்விடத்திற் குற்றம் எம்முடையதும் ஆகும். காப்புறுதி கையிலிருப்பதால் தலைவலிக்கும் தனியார் வைத்தியசாலையை நாடுகின்றோம். 2022இன் நெருக்கடியில் அரச வைத்தியசாலைகளில் மருந்து தட்டுப்பட்டு, நோயாளர் கையிற் துண்டோடு கடை கடையாக அலைந்தபோது, ஆசிரியர் அறைகளில் அது அனுதாபத்திற்குரிய செய்தியாயிருந்தது; எம் சொந்தப் பிரச்சினையாக இருக்கவில்லை. உரக்கப் பேசக்கூடியவர், மனு எழுதத் தெரிந்தவர் வரிசையை விட்டு விலகிவிட்டால், வரிசையில் நிற்பவருக்காகப் பேச யார் மிஞ்சுவர்? காப்புறுதி எமக்குக் கொடுத்த பணத்தைவிட எம்மிடமிருந்து வாங்கிய மௌனம் பெரிது.

தாயின் பெயர் நீங்கிய அந்த ரீச்சர் இப்பொழுது மாதமொரு முறை அரைநாள் லீவெடுத்து அம்மாவை மந்திகைக் கிளினிக்கிற்குக் கூட்டிச்செல்கின்றார். நேரத்தோடு போனால்தான் முன்னிலக்கம் கிடைக்குமாம். சென்ற முறை குருதியமுக்கக் குளிசை இரண்டு வாரத்திற்கே கிடைத்ததாகவும், மிகுதியை வெளியில் வாங்கியதாகவும் சொன்னார். வரிசையில் தமக்கு முன்னாலிருந்த கிழவி வெளியில் வாங்க வழியில்லாமல் அந்த இரண்டு வாரக் குளிசையை ஒருநாள் விட்டு ஒருநாளாக விழுங்கப் போவதாகக் கூறினாராம். அதனைச் சொல்லியபின் ரீச்சர் எம்மிடம் ஒரு வெள்ளைத்தாள் கேட்டார். சுகாதாரப் பணிப்பாளருக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும், எல்லோரும் கையெழுத்து வைப்பீர்களா என்றார். பதினொரு பேர் வைத்திருக்கின்றோம்.