பாயைச் சுருட்ட வேண்டியது யார்?



இந்த மாதம் கொஞ்சம் கசப்பான செய்திதான். வாசித்துவிட்டு என்மேல் கோபப்படுகிறவர்கள் தாராளமாய்க் கோபப்படுங்கள். ஆனால் பாதியில் மடித்து வைத்துவிடாதீர்கள்.

சில வாரங்களுக்கு முன் நடந்த வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு வந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அன்றைக்கு தேவ பிரசன்னம் பலமாய் இருந்தது. சரீர சுகத்துக்காக முன்னே வாருங்கள் என்றபோது 23 பேர் வந்தார்கள். ஒவ்வொருவரிடமும் குனிந்து, "என்ன காரியத்துக்காக ஜெபிக்கணும்?" என்று கேட்டுக்கொண்டே போனேன். அதில் 14 பேர் சொன்னது ஒரே வார்த்தை: "சுகர்." கண்ணீரோடு சொன்னார்கள். நானும் பாரத்தோடு கைவைத்து ஜெபித்தேன். ஆமென் சத்தம் ஓட்டைத் தூக்கியது.

ஜெபம் முடிந்து பின்பக்கம் போனால், உபவாசம் முடிக்கிற சாப்பாட்டுப் பந்தி. அதே பதினாலு பேரும் அங்கே இருக்கிறார்கள். இலையில் வெள்ளைச் சோறு மலை மாதிரி. உருளைக்கிழங்குப் பொரியல், அப்பளம், கடைசியில் சேமியா பாயசம். ஒரு சகோதரி இரண்டாவது டம்ளருக்குக் கையை நீட்டிக்கொண்டே, "ஜெபம் பண்ணியாச்சுல்ல பாஸ்டர், இனி என்ன பயம்?" என்று சிரித்தார்கள். எனக்கு வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை தெரியுமா? என் கையிலும் ஒரு டம்ளர் இருந்தது.

பிரியமானவர்களே, சபைக்கு முன்பாக நான் இதுவரை அறிக்கையிடாத ஒன்றை இப்போது சொல்லுகிறேன். நான்கு வருஷமாய் எனக்கும் சுகர் இருக்கிறது.

ராத்திரி இரண்டு மணிக்கு ஆண்டவர் என்னை எழுப்பி ஜெபிக்க வைக்கிறார் என்று ஒரு காலத்தில் இதே பிரசங்க பீடத்தில் நின்று சாட்சி சொன்னேன். நீங்களும் கைதட்டினீர்கள். எழுப்பினது ஆண்டவர் இல்லை, சுகர்தான் எழுப்பியது. ஒரு ராத்திரியில் நாலு தடவை எழுந்து போவேன், சொம்பு சொம்பாய்த் தண்ணீர் குடிப்பேன். வந்ததுக்கு ரெண்டு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுப் படுப்பேன். கடைசியில் என் மனைவிதான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ரத்தம் பார்க்க வைத்தாள். வெறும் வயிற்றில் 212. வெறும் வயிற்றில் 126க்கு மேல் போனாலே சர்க்கரை நோய் என்கிறார்கள். எடை 91 கிலோ.

அன்றிலிருந்து மாத்திரை. ஆனால் பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைத்துச் சாப்பிட்டேன். மற்றவர்களுக்குச் சுகம் கேட்கிற பாஸ்டர் மாத்திரை விழுங்குகிறான் என்று தெரிந்தால் சபை என்ன சொல்லும்? அந்தப் பயம். விசுவாசக் குறைவைவிட மோசமானது இந்த வேஷம். இதற்கு ஒருவர் விலை கொடுத்தார்.

நம் சபையில் மூத்த அண்ணாச்சி ஒருவர். அவருடைய அனுமதியோடுதான் எழுதுகிறேன், பெயர் வேண்டாம் என்றார். ஒரு சுகமளிக்கும் கூட்டம் முடிந்த மறுநாளே, இனி ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று மாத்திரையை நிறுத்திவிட்டார். அந்தக் கூட்டத்தில் பேசினது நான்தான். நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை, உண்மை. நிறுத்தாதீர்கள் என்றும் சொல்லவில்லை, அதுவும் உண்மை. சில மாதங்களில் செருப்பு கடித்த இடத்தில் ஒரு புண். வலி தெரியவில்லை. சர்க்கரை அதிகமாய் ரொம்ப நாள் நின்றால் பாதத்து நரம்புகள் மரத்துப்போகும், ரத்த ஓட்டமும் குறையும்; அதனால் முள் குத்தினாலும் தெரியாது, புண்ணும் லேசில் ஆறாது. முதலில் இரண்டு விரல் போனது. பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

போன வருஷம் வார்டில் அவரைப் பார்க்கப் போனேன். ஜெபித்துவிட்டு எழுந்திரிக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "பாஸ்டர், உங்களுக்கும் சுகர் இருக்குன்னு வீட்டு அம்மா ஒரு தடவ வாய் தவறிச் சொன்னாங்க. நீங்க மாத்திரை சாப்பிடுறீங்களா?"

பொய் சொல்ல வரவில்லை. "ஆமா அண்ணாச்சி, சாப்பிடுறேன்" என்றேன்.

கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே பாஸ்டர்" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூட நன்றாய் இருந்திருக்கும்.

அன்றைக்கே சபையில் சொல்லிவிடுவேன் என்று அவரிடம் வாக்குக் கொடுத்தேன். ஒரு வருஷம் ஓடிவிட்டது. அதன் நடுவில்தான் அந்தப் பாயச டம்ளர். ஆகவே இன்று எழுதுகிறேன்.

பெதஸ்தா குளத்தருகே 38 வருஷம் படுத்திருந்தவனை யோவான் 5-ம் அதிகாரத்தில் பார்க்கிறோம். இயேசு அவனிடம் முதலில் கேட்டது ஒரு விசித்திரமான கேள்வி. குணமாக உனக்கு விருப்பம் உண்டா என்கிறார். வியாதிக்காரனிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனால் அவன் பதிலைக் கவனியுங்கள். ஆம் என்று சொல்லவில்லை. என்னைத் தூக்கிவிட ஆள் இல்லை, எனக்கு முன்னே வேறொருவன் இறங்கிவிடுகிறான் என்று மற்றவர்களைக் குறித்துக் குறை சொன்னான். கர்த்தர் அந்தக் குறைக்குப் பதிலே சொல்லவில்லை. எழுந்து, அவன் படுக்கையை அவனே எடுத்துக்கொண்டு நடக்கச் சொன்னார். சுகம் கொடுத்தது அவர். பாயைச் சுருட்டினது அவன். வேறு ஒருவரையும் சுருட்டிக் கொடுக்கச் சொல்லவில்லை.

யவீருவின் மகளை மரணத்திலிருந்து எழுப்பினவர், அவளுக்குச் சாப்பிட ஏதாவது கொடுங்கள் என்று வீட்டாரிடம் சொன்னார் (லூக்கா 8). உயிரைக் கொடுக்கத் தெரிந்தவருக்கு ஒரு அப்பம் வரவழைக்கத் தெரியாதா? லாசருவை எழுப்பினபோதும் கல்லைப் புரட்டினதும் கட்டை அவிழ்த்ததும் பக்கத்தில் நின்றவர்கள். நம்மால் முடியாததை அவர் செய்கிறார், நம்மால் முடிந்ததை நம் கையில் விட்டுவிடுகிறார். நாமோ தட்டில் என்ன போடுகிறோம் என்பதையும் அவர் தலையில் கட்டுகிறோம்.

உடனே ஒரு சகோதரர் 1 தீமோத்தேயு 4:8-ஐ எடுத்துக்கொண்டு வருவார். சரீர முயற்சியினால் கொஞ்சம்தான் பிரயோஜனம் என்று பவுலே எழுதியிருக்கிறாரே என்பார். ஐயா, கொஞ்சம் பிரயோஜனம் என்றுதான் எழுதினார், பிரயோஜனமே இல்லை என்று எழுதவில்லை. யார் எழுதினது என்றும் பாருங்கள். அப்போஸ்தலர் 20-ல் கூட இருந்தவர்கள் கப்பல் ஏறினபோது, துரோவாவிலிருந்து ஆசோ பட்டணத்துக்குத் தான் நடந்தே வருகிறேன் என்று சொன்ன மனுஷன் அவர். முப்பது கிலோமீட்டருக்குக் குறையாத தூரம். நாமோ தெருமுனைக் கடையில் மல்லித்தழை வாங்க பைக்கை உதைக்கிறோம்.

2023-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு ஒன்று வெளியானது. நம் தேசத்தில் சர்க்கரை நோயுள்ளவர்கள் 10 கோடிக்கு மேல். அதன் வாசற்படியில் நிற்கிறவர்கள் இன்னும் 13 கோடிக்கு மேல். வாசற்படியில் நிற்கிறவர்களுக்கு நல்ல செய்தியும் இருக்கிறது. அமெரிக்காவில் 2002-ல் முடிவு வெளியான பெரிய ஆய்வில், வாரம் 150 நிமிஷம் நடந்து, எடையில் நூற்றுக்கு ஏழு பங்கு குறைக்க முயன்றவர்களுக்கு நோய் வருகிற ஆபத்து பாதிக்கு மேல் குறைந்தது. நம் சென்னையிலேயே நடத்தி 2006-ல் வெளியிட்ட ஆய்விலும், சாப்பாட்டையும் நடையையும் திருத்தினவர்களுக்கு அந்த ஆபத்து கால்வாசிக்கு மேல் குறைந்தது. வாரம் 150 நிமிஷம் என்பது தினம் அரைமணி நேரம், அதுவும் ஐந்து நாள்தான். நம்முடைய ஆராதனைப் பாடல் வேளையே அதைவிட நீளம்!

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். சித்தாள் வேலைக்கும் வயல் வேலைக்கும் போகிற சகோதரிகளுக்கு நான் நடையைப் பற்றிப் போதிக்க வரவில்லை. அவர்கள் நடந்து ஓய்ந்தவர்கள். மெலிந்த சரீரமுள்ளவர்களுக்கும் குடும்ப வழியாய் இந்த நோய் வருகிறது. ஆகவே யாரையும் பார்த்து, இவன் தின்றுதான் கெட்டான் என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். நான் பேசுவது என்னைப் போல உட்கார்ந்தே பெருத்தவர்களிடம்.

ஊழியக்காரனுக்கு இதில் தனிக் கண்ணி இருக்கிறது. ஒரு நாளில் ஐந்து வீட்டு ஜெபம். ஐந்து டீ, ஐந்து தட்டு மிக்சர். வேண்டாம் என்றால் வருத்தப்படுவார்கள். டீக்கு இரண்டு ஸ்பூன் சீனி என்றால் ஐந்து டீக்கு பத்து ஸ்பூன், நாற்பது கிராம். சுகமாய் இருக்கிறவனே ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் நிறுத்தினால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆசாரியனாகிய ஏலி தன் குமாரரோடு காணிக்கையில் நல்லதைத் தின்று கொழுத்ததைக் கர்த்தர் கண்டித்தார். கடைசியில் அவன் விழுந்து மரித்த இடத்தில் அவன் வயதோடு சரீர பாரத்தையும் வேதம் எழுதி வைத்திருக்கிறது. அந்த அதிகாரத்தை நான் பல வருஷம் வேகமாய் வாசித்துக் கடந்துவிடுவேன்.

"சீனி இல்ல பாஸ்டர், கருப்பட்டி காப்பிதான்" என்பார்கள். கருப்பட்டியும் சர்க்கரைதான் தாயே, சட்டை மட்டும் வேறு. கேழ்வரகு நல்லது என்று கேள்விப்பட்டு மூன்று சொம்பு கூழ் குடிக்கிறவர்களும் உண்டு. மூன்று சொம்பானால் அதுவும் ஏறத்தான் செய்யும். என் வீட்டில் செய்ததைச் சொல்கிறேன்: சோறு ஒரு கப், அதைவிட அதிகமாய்க் காய், கூடவே பயறோ முட்டையோ மீனோ. முதல் இரண்டு வாரம் எனக்கு எரிச்சல். மனைவியிடம் சள்ளென்று விழுந்தேன். அதற்கும் மன்னிப்புக் கேட்டேன். தானியேலுக்கு மரக்கறி கொடுக்கிறவன் ஒருவன் இருந்தான். நமக்கு நாமேதான் ராத்திரியில் பயறை ஊறப்போட வேண்டும்.

சகோதரர்களே, உங்களுக்குக் கை இல்லையா? மகன் வந்து ஞாபகப்படுத்தினால்தான் மாத்திரை, மருமகள் தனியாய்ச் சமைத்தால்தான் பத்தியம் என்று எத்தனை பேர் இருக்கிறீர்கள்! கலாத்தியர் 6-ல் ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கச் சொன்ன பவுல், மூன்று வசனம் தாண்டி, அவனவன் சுமையை அவனவன் சுமக்க வேண்டும் என்றும் சொல்லுகிறார். வெந்தயம் எந்த டப்பாவில் இருக்கிறது என்று கூடத் தெரியாத ஆண்பிள்ளை, பிள்ளைகள் கவனிக்கவில்லை என்று ஜெபக்குறிப்பு எழுதிக் கொடுக்காதே. சகோதரிகளே, மிச்சம் வீணாய்ப் போகக்கூடாது என்று எல்லார் தட்டில் மீந்ததையும் சாப்பிடுகிறீர்களே, ஆண்டவர் தங்குகிற ஆலயம் குப்பைத்தொட்டியா? உங்கள் சுகர் எவ்வளவு, பிரஷர் எவ்வளவு என்று உங்களுக்கே தெரிந்திருக்க வேண்டும். காசில்லை என்ற சாக்கும் வேண்டாம். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம்.

உபவாசம் இருக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிப்பு. சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் உபவாசத்தில் உட்காராதீர்கள். ஒரு தடவை ஜெபத்தில் ஒரு சகோதரி வியர்த்து, நடுங்கி, சரிந்தார்கள். அபிஷேகம் என்று நினைத்து நாங்கள் இன்னும் சத்தமாய்த் துதித்தோம். ஒரு நர்ஸ் பிள்ளை ஓடிவந்துதான் சர்க்கரை இறங்கிவிட்டது என்றாள். நினைவோடு இருந்தால் மூன்று ஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். நினைவில்லாவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

எலியா சாகவேண்டும் என்று சூரைச்செடியின் கீழே படுத்தபோது தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தூங்கவிட்டான், தணலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடி தூங்கவிட்டான். அதன்பின் நாற்பது நாள் நடை. இந்தக் கிரமம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

இப்போது என் எடை 84. வெறும் வயிற்றில் 130-ஐ ஒட்டி நிற்கிறது. ஜெயித்துவிட்டேன் என்று சாட்சி சொல்ல வரவில்லை, பாயச டம்ளரைத்தான் ஏற்கனவே சொன்னேனே. சுகத்துக்காக இன்னமும் ஜெபிக்கிறேன், உங்களுக்கும் கைவைத்து ஜெபிப்பேன். மாத்திரையை டாக்டர் நிறுத்தச் சொல்லும்வரை நிறுத்தமாட்டேன், உங்களையும் நிறுத்த விடமாட்டேன்.

வருகிற உபவாச ஜெபத்திலிருந்து பந்தியில் பாயசம் கிடையாது. சுண்டல், காய், அளவான சோறு, மோர். சமையல் பார்க்கிற சகோதரருக்கு வருத்தம்தான், அவரிடம் பேசிக்கொள்கிறேன். சனிக்கிழமைதோறும் காலை 5.30க்கு சபை வாசலிலிருந்து குளத்துக்கரை வரை போய்த் திரும்புகிறோம். கால் மரத்திருக்கிறவர்கள் வெறுங்காலோடு வராதீர்கள், நல்ல செருப்பாய்ப் போட்டுக்கொண்டு வாருங்கள். வருகிறவர்கள் பெயரை எழுத ஆள் வேண்டுமே என்றேன். அண்ணாச்சி தானே வருகிறேன் என்றார். ஐந்து மணிக்கே செயற்கைக் காலை மாட்டிக்கொண்டு, நோட்டும் பேனாவுமாய் வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்.